நாயகி எத்தனை விநாடியில் ஓடினாள்?

காதல் நாவலைப் பென்சிலும் கையுமாகப் படிக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

விளையாட்டு மைதானத்தின் ஓடுபாதையில் கோடு போடுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் கோடக்கா. விடிந்ததும் கயிற்றை இழுத்துக் கட்டுவாள். சுண்ணாம்பு வண்டியைப் பின்பக்கமாக இழுத்தபடி நடப்பாள். தள்ளிக்கொண்டு போனால் போட்ட கோட்டைத் தன் காலே அழித்துவிடும் என்பாள். வளைவில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வேலை முடியும்போது கணுக்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டியது போலிருக்கும். கோடு காயும் வரை காவல். அந்த அரைமணி நேரம்தான் படிப்பு.

இந்த நாவலைக் கொண்டுவந்தவள் தங்கை.

"அத்தான் கொடுத்தாரு. இதைப் படிச்சா உன் மனசு மாறுமாம். சனிக்கிழமை வந்து பதில் கேக்கறாராம்க்கா."

அத்தான் என்பது கோடக்காவைப் பன்னிரண்டு வருடம் முன்பு விட்டுப் போன கணவர். இருவரும் ஒரே மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடியவர்கள். 'வீட்டுக்கு ஒரு ஓட்டக்காரர் போதும்' என்று கல்யாணமான மாதமே அவளை நிறுத்தியவர் அவர். அவள் காலணியைப் பரணில் போட்டாள். அவர் ஓடினார், பிறகு வீட்டை விட்டும் ஓடினார்.

நாவலிலும் அப்படியே ஒருவன். ஓடிப் பட்டம் வாங்குகிறான், பிரிகிறான், முழங்கால் போனதும் திரும்பி வருகிறான். முன்னாள் ஓட்டக்காரியான நாயகி கடைசிப் பக்கத்தில் கண்ணீரோடு கைதட்டுகிறாள். சுபம்.

"என்னக்கா, எப்படி?" என்றாள் தங்கை.

"உப்புச்சப்பில்லை. அவன் ஓடினதுக்கெல்லாம் விநாடி போட்டிருக்கு, பாரு, பதினோரு இடத்துல கோடு கிழிச்சிருக்கேன். இவ ஓடினதுக்கு? ஒரு இடத்துலகூட இல்ல."

"கதைதானேக்கா!"

"கதைன்னா அவளுக்குக் கால் இருக்காதா?"

உண்மையில் அவள் அதை ஆசையோடுதான் தொடங்கினாள். பன்னிரண்டு வருடத் தனிமை ஒன்றும் பஞ்சு மெத்தையில்லை. அவர் வரட்டுமே என்று பாதிப் புத்தகம் வரை நினைத்ததும் உண்டு.

சனிக்கிழமை அவர் வந்தார். வாசலிலிருந்து நேராக, ஈரம் காயாத மூன்று கோடுகளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"படிச்சியா? நம்ம கதை மாதிரியே இல்ல?"

"ஆமாங்க, அச்சு அசல். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நானூறு மீட்டர்ல உங்களோட நல்ல நேரம் எத்தனை விநாடி?"

"நாப்பத்தெட்டுப் புள்ளி ஆறு!" கேட்டு முடிக்குமுன் வந்தது பதில்.

"என்னோடது?"

அவர் சிரித்தார். மைதானத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஒரு அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்."

பக்கத்தில் நின்ற தங்கையின் உதடு தானாக அசைந்தது: "ஐம்பத்தாறு புள்ளி மூணு." பள்ளிக்கூடம் போகும் வயதில் வேலியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் ஓட்டத்தைப் பார்த்தவள் அவள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோடக்கா புத்தகத்தை அவர் கையில் வைத்தாள். "போகும்போது சுத்திப் போங்க." வண்டியைத் திருப்பி, அவர் காலடி பதிந்த இடத்தின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுக் கோடு இழுத்தாள்.

உங்கள் வீட்டிலும் ஓட்டத்தை நிறுத்திய ஒருத்தி இருப்பாள். அவளிடம் இன்றைக்கே கேளுங்கள், எத்தனை விநாடி என்று. சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.