அம்மாவுக்கு விளங்காத பொயிலர்

நாங்கள் கனடாவின் மொன்றியலுக்கு வந்த இரண்டாவது பனிக்காலத்தில், வீட்டில் எல்லோரும் பயந்து நடந்தது பேஸ்மென்டில் இருந்த விறகுப் பொயிலருக்குத்தான். அப்பாவுக்கு டோர்வல் விமானநிலையத்தில் பின்னேர வேலை என்பதால், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் ஓரத்தில் ஒரு பழைய மரவீட்டை எடுத்திருந்தோம். மற்றத் தமிழாக்கள் நகரத்து அபார்ட்மென்டுகளில் இருந்தார்கள். அவர்களுக்குச் சூடு தானாக வந்தது. எங்களுக்கு அதை எரித்து எடுக்கவேண்டியிருந்தது.

அது மாமாவின் வேலை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் திருத்தியவர். அடுப்புக்குக் காற்று விடும் மூடி, புகைபோக்கித் தகடு, சுடுதண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் சுவிட்ச், மேல்மாடிக்கும் கீழுக்குமாக வால்வுகள் என்று அந்தப் பொயிலருக்கு ஆயிரம் சில்லெடுப்பு. ஒன்றைத் திருப்பினால் மற்றதையும் பார்க்கவேண்டும். "ஐயோ, எனக்கு இந்தச் சனியன் விளங்காது" என்பார் அம்மா.

அந்த மார்கழியில் மாமாவுக்கு டொரொன்டோவில் மோட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை சரிவந்தது. பொங்கல் முடிய வரச்சொல்லிவிட்டார்கள்.

"அப்ப பொயிலரை ஆர் பாக்கிறது? இவர் வேலைக்குப் போனாப் பிறகு நானும் பிள்ளையும் விறைச்சுச் சாகிறதோ?" என்றார் அம்மா.

அம்மா பழகினால் மாமா போகலாம். பழகாவிட்டால் வேலை கைவிட்டுப் போகும். வீட்டில் அதைவிட வேறு கதை இருக்கவில்லை.

மாமா முதலில் பிடிகளுக்கு நிறம் பூசினார். பச்சை என்றால் திற, சிவப்பு என்றால் மூடு. அடுத்த நாளே அம்மா எல்லாவற்றையும் சிவப்புக்குத் திருப்பி வீட்டைக் குளிரவைத்துவிட்டு, "சிவப்பு எண்டாச் சூடு எண்டு நினைச்சன்" என்றார். ஏழு வயதுக்காரியான எனக்கே விளங்கிய விஷயம்! அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு மாமா வால்வுகளை ஓர் அளவில் வைத்துக் கம்பியால் கட்டினார். காற்று மூடியையும் பம்பையும் வயர் பிடித்து ஒரே தெர்மோஸ்டாட்டில் இணைத்து, அதை முன்வாசலடிச் சுவரில் பூட்டினார். "அக்கா, இனி விறகு போடுறது மட்டும்தான் உங்கட வேலை. மிச்சத்தை அது பாக்கும்." அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும் நேரம் வாசல் சாத்தியிருந்தால் லட்சுமி திரும்பிப் போய்விடுவா என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பனிக்காலத்தில் கதவை ஒரு விரற்கடைதான் திறப்பார் அம்மா. அன்றைக்கு அகலத் திறந்துவைத்து, ஒரு தேவாரத்துக்கு மூன்றாகப் பாடினார். லட்சுமி வந்தாவோ தெரியாது, குளிர் வந்தது. வாசலடித் தெர்மோஸ்டாட் வீடே விறைக்கிறது என்று நம்பி அடுப்புக்கு முழுக் காற்றையும் விட்டது. பொயிலர் உறுமியது. குழாய்கள் டக்டக் என்று அடித்தன. பாதுகாப்பு வால்வு சீறிக்கொண்டு ஆவியைக் கக்க, மாமா விழுந்தடித்து ஓடினார்.

"பாத்தியே தம்பி? நீ இல்லாட்டி நாங்கள் அவிஞ்செல்லோ போயிருப்பம்!"

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "லட்சுமிக்காக நான் கலியாணமும் கட்டாமல் உங்கட பேஸ்மென்டிலயே கிடக்கவேணும் போல." தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வாசல் குளிர் எட்டாத சாப்பாட்டறைச் சுவருக்கு மாற்றினார். ஒரே ஒரு பிடி, அதிலும் இருபதுக்கு நேரே தடித்த கோடு. இனி விளங்கவில்லை என்று சொல்ல அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மாமா பஸ் ஏறினார்.

அடுத்த கிழமை, நான் பள்ளிக்கூடத்தால் வந்த பின்னேரம், மழை விழுந்த இடத்திலேயே உறைந்து கரண்ட் நின்றது. பம்ப் செத்துவிட்டது. நான் குளறி அழத் தொடங்கினேன். அம்மா என் கையில் டோர்ச்சைத் தந்துவிட்டுக் கீழே இறங்கினார். காற்று மூடியைக் கையால் அடைத்தார். புகைபோக்கித் தகட்டை அளவாகத் திருப்பினார். மாமா கட்டிய கம்பியைக் குறட்டால் வெட்டி, மேல்மாடி வால்வை முழுதாகத் திறந்தார். பம்ப் இல்லாமலே சுடுதண்ணீர் தன்பாட்டில் மேலே ஏறியது. ஓரிடத்திலும் கை தயங்கவில்லை. "வா, பாணுக்கு ஜாம் பூசித் தாறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா டெலிபோன் எடுத்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். "மாமா, கரண்ட் நிண்டோடன அம்மா எல்லாம் தனியச் செய்தவ! மூடி, தகடு, வால்வு, எல்லாம்! ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை!"

லைன் போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.

"அக்காட்டக் குடு" என்றார் மாமா. குரல் அடைத்திருந்தது.

அம்மா ரிசீவரை வாங்கி, வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "ஓமடா" என்றார். சிரித்தார். "வேற என்னத்தைச் சொல்லி உன்னை வைச்சிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

டொரொன்டோவில் குளிர் கூடவாக்கும், மாமாவுக்குத் தடிமன் பிடித்து, இப்போது அம்மாவுக்கும் தொற்றிவிட்டது என்று நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.