இல்லாத பிள்ளைக்கு வந்த ஆப்பிள்

எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை யாரும் சும்மா விடமாட்டார்கள். சங்ககிரியில் என் புகுந்த வீட்டுக்குச் சொந்தபந்தம் ஏராளம். ஒரு வீடு பாக்கியில்லாமல் விருந்து. போதும் என்று இலையைக் கையால் மறைத்தால், விரலிடுக்கில் கோழிக்குழம்பை ஊற்றி, "புதுப்பொண்ணு, நல்லாத் தின்னு சாமி" என்பார்கள். நானும் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

இது கல்லூரிக் கடைசி வருஷத்திலேயே தொடங்கியது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டம், "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த முறுக்கை மட்டும் காலி செய்துவிட்டுப் போனது. அதன்பிறகு பட்டினி. பட்டினி தாங்காமல் அள்ளி அள்ளித் தின்பேன், பிறகு விரலை விட்டு வாந்தி. பெற்ற அம்மாவுக்கே தெரியாது. அது ஒரு நோய் என்று எனக்கும் தெரியாது. புத்தி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் மாமியார் சத்தத்தைக் கேட்டுவிட்டார். கதவைத் திறந்தால் எதிரே நிற்கிறார். மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்கண்ணு, நாள் தள்ளிப் போயிருக்குதா?"

தள்ளித்தான் போயிருந்தது. வயிற்றில் ஒரு பருக்கை தங்காதவளுக்கு மாதவிலக்கு மட்டும் ஒழுங்காக வருமா?

"ஆமாங்க அத்தை" என்றேன்.

அன்றிலிருந்து நான் வாந்தி எடுப்பது அந்த வீட்டில் நல்ல சேதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் லாரி ஆபீசிலிருந்து வரும்போது மாங்காய் வாங்கி வந்தார். டாக்டரிடம் காட்டலாம் என்று அவர் சொன்னதை மாமியார் ஏற்கவில்லை. "மூணு மாசம் முடியட்டும். அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சா கண்ணு பட்டுரும்." கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றேன். "மசக்கைன்னா அப்படித்தான் சாமி" என்றார்.

ஒரு நாள் காலை, அடுப்படியில் கால்கள் துவண்டு கீழே விழுந்தேன். எழ முடியவில்லை. சேலத்துக்குக் காரில் கொண்டுபோனபோது, வழி நெடுக மாமியார் என் வயிற்றின்மேல் கை வைத்திருந்தார். தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது நெஞ்சு.

ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இன்னும் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் கருவே இல்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி வாந்தி எடுக்கறே?" என்று கேட்டார். வருஷக் கணக்கில் கேட்ட முதல் ஆள் அவர்தான். "நாலு வருஷமாங்க" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

பிறகு என் வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூப்பிட்டு, இது சாப்பாடு சம்பந்தமான மனநோய், வாந்தியை இவளேதான் வரவழைக்கிறாள், தொடர்ந்து வைத்தியம் வேண்டும் என்று விளக்கினார். மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்பக் கொழந்தையே இல்லீங்களா?"

செத்துப் பிழைத்தவள் கட்டிலில் கிடக்கிறேன். அந்த நிமிஷம் அவரை அடியோடு வெறுத்தேன்.

சொந்தக்காரர்களிடம் கரு கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மனநோய் என்பதைவிட அது கௌரவமாம். நான் வீடு திரும்பியதும் ஆப்பிளும் ரொட்டியுமாக விசாரிக்க வந்தார்கள். "நல்லாத் தின்னு ஒடம்பத் தேத்து சாமி, அடுத்தது நிக்கும்" என்றார்கள். இல்லாத பிள்ளைக்காக அத்தனை பேர் கண் கலங்கினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு அவர்கள் எதிரிலேயே ஆப்பிளைத் தின்றேன்.

அவர்கள் போனதும் கழிப்பறைக்குப் போனேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை; திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. வெளியே மாமியாரின் குரல் கேட்டது.

"நாந்தான் கழட்டச் சொன்னேன். இங்கயேதான் நிக்கறேன் சாமி."

அன்றைக்கு நான் வாந்தி எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என் தலையைப் பிடித்துக்கொண்டார்.