படத்தில் ஆள் எங்கே

அந்தப் படத்தில் கார் மிக நன்றாக விழுந்திருந்தது. நல்ல சிவப்பு. யாருடைய காரோ, சுவிஸில் வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நின்றது. நானும் என் அறைத் தோழனும் அதன் பக்கத்தில் மாறி மாறி நின்று ஒரு ஃபிலிம் சுருளை முடித்தோம். எண்பதுகளில் இங்கே வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் எல்லோரும் செய்த வேலைதான் இது. உச்சி முதல் சப்பாத்து வரை முழு ஆளும் தெரிய வேண்டும். காலை வெட்டிவிட்டால் படம் எடுத்தவனுக்கு ஏச்சு விழும். மார்பளவுப் படம் மரண அறிவித்தலுக்குத்தான் என்பது எங்கள் எண்ணம்.

என் படம் சும்மா ஊருக்குப் போகவில்லை. அக்கா எனக்கு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் டியூட்டரி வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருந்தவள். ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அவளைத்தான் கேட்டிருக்கிறோம் என்று அக்கா எழுதிய அன்று, உணவகத்துக் குசினியில் கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் இல்லையென்றால் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவளுக்கோ கனடாவிலிருந்தும் ஒரு சம்பந்தம் வந்திருந்தது.

படம் போய்ச் சேர்ந்ததும் அக்காவின் பதில் வந்தது. “தம்பி, கார் நல்லா இருக்காம். ஆள் எங்கை எண்டு கேக்கிறாள். கெதியா இன்னொண்டு அனுப்பு.”

தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் உணவகத்தில் சாப்பாடு பரிமாறிய சுவிஸ் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், மாலை வகுப்பில் புகைப்படக்கலை படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண் முதலில் சிவப்புக்குத்தான் ஓடும் என்றாள். என் தலையில் ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருப்பதைத் தொட்டுக் காட்டினாள். சுற்றிலும் வெள்ளைப் பனி கிடந்ததால் கமெரா ஏமாந்து என் முகத்தைக் கரியாக்கிவிட்டதாம். அன்றுவரை காரை மட்டுமே பார்த்துப் பூரித்திருந்த எனக்கு இதொன்றும் கண்ணில் படவில்லை.

“நாளைக்கு நான் எடுக்கிறேன். எனக்கும் வகுப்புக்கு ஒரு படம் வேண்டும்” என்றாள். அந்த வாரத்துப் பாடம், படத்தில் விடும் வெற்றிடமாம்.

மறுநாள் குசினி உடுப்போடேயே என்னை ஜன்னலடியில் நிறுத்தினாள். வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்றாள். படத்தின் ஓரத்தில் என்னை ஒதுக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் வெறும் சுவருக்குக் கொடுத்தாள். அந்தச் சுவரைத்தான் நான் பார்க்கவும் வேண்டுமாம்.

“அங்கே என்ன இருக்கிறது?” என்று என் உடைந்த ஜெர்மனில் கேட்டேன்.

“ஒன்றுமில்லை. அதனால்தான் நீ தெரிவாய்.”

கழுவி வந்த படத்தைத் தோழன் தூக்கிப் பிடித்தான். “என்னடா இது, அரைவாசிக்கு மேலை சுவர்! காலையும் காணேல்லை. உயிரோட இருக்கிறவனை இப்பிடியோ எடுக்கிறது? சுவரையாவது வெட்டிப்போட்டு அனுப்படா.”

கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். ஆனால் சுவரை வெட்டினால் மிஞ்சுவது அகதி அட்டையில் ஒட்டிய படம் மாதிரி இருக்கும் என்று பட்டது. அந்த மூஞ்சியை ஊரில் அவள் பார்க்க வேண்டாம். வருவது வரட்டும் என்று அப்படியே தபாலில் போட்டேன். பிறகு பல கிழமைகள் தபாற்பெட்டியைத் திறந்து மூடுவதே என் வேலையாக இருந்தது.

வந்த உறைக்குள் கடிதம் இல்லை. என் படம்தான் திரும்பி வந்திருந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்றே நினைத்தேன். படத்தை முழுதாக வெளியே இழுத்தேன். அந்தச் சுவரில் அவள் நின்றாள்.

சேலை உடுத்து, கையிரண்டையும் தொங்கப் போட்டு, உச்சி முதல் செருப்பு வரை முழுதாக, கமெராவை நேரே பார்த்தபடி நின்றாள். நாடு நாடாகப் பிரிந்து கிடந்த சோடிகளை ஸ்டூடியோக்காரர்கள் இப்படி வெட்டி ஒட்டிப் படம் எடுத்துக் கொடுப்பது ஊரில் வழக்கம்தான். நான் அரை ஆளாகப் பெரிதாக இருந்தேன். அவள் முழு ஆளாகச் சின்னதாக இருந்தாள். அவள் செருப்புக்குக் கீழே தரையே இல்லை. பின்பக்கத்தில் அக்காவின் எழுத்து: “சம்மதமாம்.”

குசினி முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினேன். படம் எடுத்தவள் நீண்ட நேரம் பார்த்தாள். “இரண்டு பேருக்கும் வெளிச்சம் வேறு வேறு பக்கம். அளவும் பொருந்தவில்லை. என் வெற்றிடமும் போய்விட்டது” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. வகுப்புக்கும் இதைத்தான் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். நான் அவளுக்கு எத்தனையோ தரம் நன்றி சொல்லியிருக்கிறேன். தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் போதியிராது.

மனைவி இங்கே வந்து சேர்ந்து, அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டிய அன்று, நெடுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். “அந்தக் கனடாக்காரன்ரை படத்தில என்ன குறை கண்டனீர்?”

“குறையொண்டும் இல்லை. வடிவான ஆள்தான்” என்றாள், படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே. “நட்டநடுவில நிண்டவர். எனக்கு நிக்க இடம் இருக்கேல்லை.”