உப்பில்லாத கஞ்சியும் பாதியில் நின்ற பிரசங்கமும்

1991ஆம் வருஷம், மழைக்காலம். மண்ணூரில் குடியிருந்துகொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். இங்கிலீஷ் தெரிந்த பெண் என்று ஊரில் எனக்குப் பேர். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தமிழ் தெரியாத வெளிமாநிலப் போதகர் ஒருவர் எங்கள் சபைக்கு வந்தபோது, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர் 'ப்ரீச்' பண்ணுவார், அதாவது பிரசங்கம் செய்வார். அவர் ஒரு வரி, நான் ஒரு வரி, அவ்வளவுதானே என்று கிளம்பிவிட்டேன்.

ஆறுதல் ஜெபம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டில். மறைமலை நகரில் வேலைக்குச் சேர இருந்த அவருடைய ஒரே மகன், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அடக்கம் பண்ணிய அன்றுகூட அவர் அழவில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

போதகர் நல்ல மனிதர்தான், உருக்கமாகத்தான் பேசினார். ஆனால் நடுவில், பிள்ளையைக் கடவுள் எடுத்துக்கொண்டதும் உன் நன்மைக்கே, அழாமல் நன்றி சொல் என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

"இன்னா சொல்றாரு, சொல்லேம்மா" என்றார் அக்கா.

போதகரும் என்னையே பார்த்தார். இவர்களுக்கு இப்போது 'ப்ரீச்' பண்ண வேண்டாம் ஐயா என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லிவிட்டேன். கேட்காமலே ஒருவருக்குப் புத்தி சொல்வதற்கும் இங்கிலீஷில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ வேதாகமத்தை மூடிவிட்டு, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அக்கா அவரைப் பார்த்துப் பேசினார்.

"கஞ்சில ஒரு கல்லு உப்பு போடும்மான்னு கெஞ்சினான்யா. காமாலைக்கு உப்பு ஆவாதுன்னு நான் போடல. கடைசி வரைக்கும் சப்புனு குடிச்சிட்டே பூட்டான். அது பாவமாய்யா?"

இதை மட்டும் ஒரு சொல் விடாமல் போதகரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. இவர் ஏதாவது சாப்பிட்டாரா என்று அக்காவைக் காட்டிக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

"அன்னிலேர்ந்து அவளும் உப்பில்லாத கஞ்சிதான் குடிச்சிகினு கீறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதை நான் சொன்னதும் போதகர் அந்தக் கஞ்சியையும் கொஞ்சம் உப்பையும் கொண்டுவரச் சொன்னார். தன் விரலால் உப்பைப் போட்டுக் கலக்கி, கிண்ணத்தை அக்கா கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் அக்கா மகன் பேரைச் சொல்லி ஓவென்று கதறினார். போதகரும் அழுதார். என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

அதன் பிறகு எத்தனையோ பிரசங்கங்களைத் தமிழில் சொல்லிவிட்டேன், ஒன்றும் நினைவில் தங்கவில்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் கஞ்சியில் உப்புப் போடப் போகும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.