அண்ணனின் இடது கண்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் எங்கள் அழைப்பை மதித்து வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுது, போதும்" என்று அண்ணி சொன்னார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆளா அவர்? அண்ணனுக்கு இடது கண் எப்படிப் போயிற்று என்பதற்கு நம் குடும்பத்தில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. படியில் விழுந்தார் என்கிறார்கள். சர்க்கரை நோய் என்கிறார்கள். எல்லாம் சுத்தப் பொய். கூட இருந்து பார்த்தவள் நான். என் மகனிடமும் கேட்டுவிட்டேன். "எழுதும்மா, ஒண்ணும் மறைக்கண்டாம்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தோவாளையில். அப்பாவுக்குத் தம்பானூரில் ஓட்டல் வேலை கிடைத்ததும் கைக்குழந்தையாக இங்கே வந்தார். வலியசாலைக்குப் பின்னால் ஓர் ஒற்றையறை வீடு. நாள் முழுவதும் தோசைக்கல் முன்னால் நின்றுவிட்டு வருகிற அப்பாவின் கையில் எது கிடைக்கிறதோ அதால் அண்ணனுக்கு அடி விழும். தோசை திருப்புகிற சட்டுவத்தின் தழும்பு அண்ணன் தோளில் கடைசிவரை இருந்தது. அவரும் சாது இல்லை. பள்ளிக்கூடத்தில் என் சடையைப் பிடித்து இழுத்த ஒருவனுக்கு முன்பல் இரண்டும் போயிற்று.

கல்லூரியில் கிரிக்கெட் ஆடப் போனார். முழங்கையை மடக்கி எறிகிறான் என்று விரட்டினார்கள். பக்கத்து மைதானத்தில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர்கள், "எங்களுக்கு அதுதானே வேணும், வா" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் உலகம். பிற்காலத்தில் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்துக்கொண்டே, காலையில் ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தார். எறிகிற பிள்ளையைப் பிட்சர் என்பார்கள். வீட்டில் குரல் உயர்த்துகிற அண்ணன் மைதானத்தில் ஒரு பிள்ளையையும் தொட்டு அடித்ததில்லை. ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் கண் சிவக்கும். மட்டை பிடித்து நிற்கிறவன் உடம்பைப் பார்த்து எறியக்கூடாது.

இது இங்கே எல்லோருக்கும் புரியாத விஷயம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா? மார்புக்கு நேரே பந்து பறந்தால் கைதட்டிப் பழகிவிட்டோம். பேஸ்பாலில் பந்து உடம்பில் பட்டால் பட்டவன் முதல் பேஸ் என்கிற முதல் நிலைக்கு ஓடாமலே சும்மா நடந்து போகலாம். எறிந்தவனுக்குத்தான் நஷ்டம். இதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதற்குள் அண்ணனுக்குத் தொண்டை வற்றிவிடும்.

என் மகனும் அவரிடம் பிட்சராகச் சேர்ந்தான். அவன் கையில் நல்ல வேகம். ஆனால் பந்து எப்போதும் எதிரில் நிற்கிறவன் தலைக்கே போகும். சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் அவனைத் தனியே உட்கார வைத்துக் கேட்டாராம்.

"லேய் மக்கா, உள்ளதச் சொல்லு. யாரை நினைச்சு எறியுதே?"

"அப்பாவ."

"ஏன்?"

"அம்மய தினமும் அடிக்காரு மாமா."

அண்ணன் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கணவரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்தார். அவர் சுவரில் மோதிய வேகத்தில் காலண்டர் கீழே விழுந்தது. நான்தான் காலில் விழுந்து அண்ணனை அனுப்பி வைத்தேன். அவர் போன பிறகு எனக்குக் கிடைத்தது இரட்டிப்பு. "அண்ணன்கிட்டச் சொல்லிக்கொடுக்கியாட்டி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அதன் பிறகு வரவேண்டாம் என்று அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய?

மாநிலக் குழுவுக்கான தேர்வுப் போட்டி வந்தது. இடம் கிடைத்தால் பிள்ளைக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க் உண்டு. அதற்காக என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன் எறிந்த ஒரு பந்து எதிரணிப் பையனின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. "அப்பிடித்தாம்லே! மண்டையப் பாத்துப் போடு!" என்று கணவர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அடிபட்டவன் முதல் பேஸுக்கு நடந்து போகிறான், இவர் ஒருத்தர் மட்டும் கைதட்டுகிறார். அடுத்து வந்தவனுக்கு விலாவில் விழுந்தது. அந்தப் பிள்ளை சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தான்.

அண்ணன் எழுந்து மைதானத்துக்குள் போனார். பயிற்சியாளர் வந்து கையை நீட்டினால், பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் வழக்கம். அண்ணன் கையை நீட்டினார். என் மகன் பந்தைக் கொடுக்கவில்லை.

அதற்குள் கணவர் வேலி தாண்டி உள்ளே ஓடிவிட்டார். "என் பிள்ளைய நிறுத்ததுக்கு நீரு ஆருவே? மார்க்கு போகும்லா!" என்று கத்தி அண்ணனை அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பல்லை உடைத்த அதே அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிள்ளைங்க பாக்காங்க மாப்பிளே, வெளிய போவோம்" என்றார். கணவர் கீழே கிடந்த மட்டையை எடுத்து ஓங்கினார். ஓடிப்போய் அதைப் பிடித்தேன். மட்டையின் பிடியால் என் வாயில் ஒரு குத்து விட்டார். அத்தனை பேர் முன்னால் மண்ணில் விழுந்தேன். வாய் முழுக்க ரத்தமும் மண்ணும்.

நிமிர்ந்து பார்த்தபோது மகன் கையைப் பின்னால் கொண்டுபோயிருந்தான். பந்து அவனிடம்தானே இருந்தது. அந்தத் தூரத்தில் அவன் அப்பா தப்புவதற்கு வழியே இல்லை. எறிந்தான். கணவர் முன்னால் அண்ணன் பாய்ந்தார். தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் கேட்டபோது, "பிராக்டீஸ்ல பந்து பட்டுது சாரே" என்றுதான் அண்ணன் சொன்னார். என் மகன் மேல் வழக்கு வராமல் போனது அந்த ஒரு பொய்யால். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கதறியவனை அருகில் இழுத்துக் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தார். பிறகு தோளோடு அணைத்துக்கொண்டு, "பந்து நல்ல நேரா வந்துதுலே மக்கா. இத அங்க மட்டைக்காரனுக்குப் போட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாம்லா" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒற்றைக் கண்ணோடு பின்னும் பல வருடங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வருகிற பந்தின் தூரம் தெரியாமல் நெஞ்சிலும் தாடையிலும் வாங்கினார், நிறுத்தவில்லை. சென்ற மழைக்காலத்தில் மைதானத்தில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட இறங்கினார். காலில் ஆறாத வெட்டு ஒன்று இருந்தது. எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. பிள்ளை இல்லாத அண்ணனுக்கு என் மகன் கொள்ளி வைத்தான்.

அந்தப் போட்டிக்குப் பிறகு என் கணவர் என் மேல் கை வைக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து மனம் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடமாக மனதுக்குள் மன்னித்து, பாவம் என்றுகூட எண்ணியிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் மண்டபத்தில் முடிந்து, பந்தி எடுத்த பிறகு அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில வச்சு உன் அண்ணன் எங்கிட்ட என்ன சொன்னாருன்னு அறியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'மாப்பிளே, இன்னொரு தடவை அவ மேல கை வச்சா பையன் எறிவான். அன்னைக்கு நான் குறுக்க வரமாட்டேன், கேட்டியளா.' அதாக்கும் சொன்னது."

மனம் திருந்தவில்லை. பயந்திருக்கிறார், அவ்வளவுதான். இவ்வளவு காலம் நான் நிம்மதியாகச் சோறு தின்றது அண்ணன் போட்ட அந்தப் பயத்தில்தான். கண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே என்று அன்று மண்டபம் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

அண்ணனை இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மழையிலும் சீருடையோடு வந்து வரிசையாக நின்ற அவருடைய மைதானத்துப் பிள்ளைகளுக்கும், விடுப்புக் கணக்குப் பார்க்காத லாட்ஜ் முதலாளிக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், இதை அச்சிடச் சம்மதித்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தப் பட்டியலில் தன் பெயரை ஏன் சேர்க்கவில்லை என்று என் கணவர் கேட்டார். அண்ணன் போன பிறகும் இந்த ஒரு வருடம் தான் அடிக்கவில்லையே என்றும் சொன்னார். அடிக்காமல் இருப்பதற்கு நான் யாருக்கும் நன்றி சொல்வதாக இல்லை.