தொடைக்கு வெளிச்சம் பிடித்த கதை

களைத்த தசைக்கு அகச்சிவப்பு விளக்குப் பிடிக்க ஒரு முறை உண்டு. முதலில் தோலுக்குச் சூடும் குளிரும் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். விளக்கு இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். இருபது நிமிடம் ஆள் அசையக்கூடாது, உறங்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில் இதையே முப்பது வருடம் செய்து ஓய்வு பெற்றவன் நான்.

போரால் மின்சாரம் நின்று மூன்றாம் வருடம், எங்கள் கோப்பாயில் ஒரு விளையாட்டுக் கழகத் தலைவர் இந்த வைத்தியத்தைப் பழைய சஞ்சிகையொன்றில் கண்டுபிடித்தார். சைக்கிள் போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு கழகத்தின் நான்கு வீரர்களின் நேரத்தையும் கூட்டித்தான் கேடயம் கொடுப்பார்கள். ஐந்து வருடமாக அது அயலூர்ச் சுவரில் தொங்கியது. தலைவருக்கு அதுவே தீராத வயிற்றெரிச்சல்.

ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிள், அதில் ஒரு டைனமோ, சிவப்புத் தாள் சுற்றிய சின்னப் பல்ப். அவ்வளவுதான் கருவி. பயிற்சி முடிந்ததும் நால்வரில் கெட்டிக்கார வீரனை வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். மற்ற மூவரும் முறை வைத்துப் பெடலை உழக்கினார்கள்.

"உந்த வெளிச்சத்திலை பேப்பரே வாசிக்கேலாது. தசைக்கு என்னெண்டு தெரியப்போகுது?" என்றேன்.

"அண்ணை, நீங்கள் பென்சன் எடுத்திட்டியள். விஞ்ஞானம் இன்னும் எடுக்கேல்லை" என்றார் தலைவர்.

"சரி, உழக்கிறவையின்ரை காலுக்கு ஆர் வெளிச்சம் பிடிக்கிறது?"

உழக்கிக்கொண்டிருந்தவன் மூச்சிரைக்கச் சிரித்தான். "கேளுங்கோ ஐயா, நல்லாய்க் கேளுங்கோ."

தலைவர் அவனை முறைத்தார். அவன் சிரித்ததற்கு அல்ல, பல்ப் மங்கியதற்கு.

சாவகச்சேரி போய்த் திரும்பும் போட்டியில் வாங்கில் கிடந்தவன் முதலாவதாக வந்தான். உழக்கிய மூவரும் கடைசி மூன்று இடங்களையும் பிடித்தார்கள். கேடயம் அயலூரிலேயே நின்றது. தலைவரோ கரும்பலகையில் எழுதி நிரூபித்தார்: வெளிச்சம் பட்ட கால் முதலிடம், படாத கால் கடைசி.

அந்த நிரூபணத்தை மூவரும் அப்படியே நம்பினார்கள். அடுத்த வருடம் பயிற்சி முடிந்தால் நால்வரும் வாங்குகளில் படுத்துவிடுவார்கள். உழக்க ஆளில்லை. தலைவர் ஏறி இரண்டு நிமிடம் மிதித்துப் பார்ப்பார்; அவர் வேகத்துக்குப் பல்ப் எரியாது, இறங்கி ஆள் தேடப் போவார். அவர் வெறுங்கையோடு திரும்பும் வரை அவர்கள் அசையாமல் காத்துக் கிடப்பார்கள். தினமும் இதே கூத்து.

அந்த வருடப் போட்டியில் கேடயம் எங்கள் கழகத்துக்கு வந்தது. அதை மாட்டிய ஆணியிலேயே தலைவர் பல்பையும் மாட்டினார்.

"இப்ப என்ன சொல்லுறியள், அண்ணை?"

"இந்த வருசம் பல்ப் எரியவே இல்லையே."

"எரியாமலே இவ்வளவு வேலை செய்யுதெண்டால், எரிஞ்சிருந்தால் எப்பிடியிருக்கும்!"