தண்ணீர் இல்லாத கட்டங்கள்

கல்லூரிக் கடைசி வருடம் எண்ணூர்க் கழிமுகத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் பார்த்தேன். அப்பா இறால் போடும் கூடையான ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் அதே கழிமுகம். அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கடல் ஓதம் ஏறி இறங்கும்போது எந்தக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று புரோகிராம் கணக்குப் போட வேண்டும். அதுதான் புராஜெக்ட். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இது தேறினால்தான் டிகிரி.

மாலையானால் கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். என் கணக்கோ ஒரு பகலில் முடியாது. பாதியில் சேமித்துவைக்கவும் எனக்குத் தெரியாது. தினமும் ஓதம் திரும்பும் முன்பே திரை இருண்டுவிடும்.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள், திருவொற்றியூர் தோஸ்து பக்கத்தில் பட்டாணி கொறித்தபடி திரையைப் பார்த்தான். தண்ணீர் வற்றி, பாதிக்கு மேல் பழுப்புச் சேறு.

“இன்னா மாமு, தண்ணியே இல்லாத எடத்துல எதுக்கு அலையத் தேடிக்கினு கீற?”

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. காய்ந்த கட்டத்துக்கும் புரோகிராம் வேகம், சரிவு எல்லாம் கணக்கிட்டுப் பூஜ்யம் என்று கண்டுபிடிக்கிறது; அடுத்த நொடிக்கும் அதே பூஜ்யம். காய்ந்திருந்தால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். ஓடியது பாருங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு ஓதம் முடிந்துவிட்டது.

சாப்பிட்டு வந்து பார்த்தால், ஏறிவந்த தண்ணீர் சேற்றின் ஓரத்தில் சுவர் மாதிரி குவிந்து நிற்கிறது. ஒருமுறை காய்ந்த கட்டத்தைப் புரோகிராம் அதற்குப் பிறகு எட்டியே பார்க்கவில்லை.

“போச்சு. உன் நைனா இனிமே எங்க எறா தடவுவாரு?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளி லீவில் அப்பாவோடு சேற்றில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. ஓதம் திரும்பும் நேரம் நான் மொத்தச் சேற்றையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். கணுக்கால் பக்கத்து ஈர விளிம்பை மட்டும்தான். தண்ணீர் தண்ணீருக்குப் பக்கத்தில்தானே வரும்? ஈரத்தைத் தொட்டு நிற்கும் காய்ந்த கட்டங்களையும் கணக்கில் சேர், தள்ளியிருப்பதை விடு என்று மாற்றினேன்.

மறுபடி ஓடி முடியும்முன் மாலையாகிவிட்டது. அண்ணன் சுவிட்சருகே வந்து நின்றார்.

“இன்னும் எத்தினி நேரம்பா?”

“அஞ்சு நிமிஷம்ணே.”

அவர் அணைக்கவில்லை. நீலம் ஒவ்வொரு கட்டமாகப் பழுப்பின் மேல் ஏறி, அப்பா வழக்கமாக இறங்கும் வளைவு வரை போனது. ஓதம் நிறைந்தபின், “இது நம்ம எண்ணூரா?” என்று கேட்டுவிட்டு, மெதுவாக மெயினை இறக்கினார்.

புராஜெக்ட் தேறியது. தோஸ்து இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். என் ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. யாரும் சுவிட்சருகே வந்து நிற்பதில்லை. சில மாலைகளில் அந்தப் பட்டாணி வாசனைக்கு மனம் ஏங்குகிறது.